'நிலைதடுமாறி' என்று ஒரு பொய்!

'வளைவில் பைக் நிலைதடுமாறிக் கவிழ்ந்ததில் வாலிபர் பலி.'

வாரத்துக்கு நாலு தடவையாவது இந்த வரியைப் படிக்கிறோம். 'த்சு' கொட்டிவிட்டு சினிமா பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நிலை ஏன் தடுமாறியது? யாரும் கேட்பதில்லை. போலீஸ் எழுதியதை நிருபர் எழுதுகிறார், நிருபர் எழுதியதை நாம் நம்புகிறோம். ஏதோ அந்தப் பையனுக்குத் திடீர்னு தலை சுத்தின மாதிரி!

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நம்பர் ஒன் எந்த மாநிலம் தெரியுமா? சாட்சாத் நம்ம தமிழ்நாடுதான். அத்தனை பேரும் சும்மா 'நிலைதடுமாறி'யா விழுந்தார்கள்?

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி ஈசிஆரில் தெற்கே வாருங்கள். ரோடு பெரும்பாலும் நேர். கடல் காத்து. எண்பதில் போனாலும் நாற்பதில் போவது மாதிரி இருக்கும். பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் குயிலாப்பாளையம். இது ஊர் ரோடு. மழைக்கு அடித்துக்கொண்டு வந்த செம்மண் ஓரமெல்லாம் பரவிக் கிடக்கும். மாடு வரும், மொபெட்டில் வெள்ளைக்காரர் வருவார், சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளை வரும். ஈசிஆர் வேகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இங்கே திரும்புகிறவர்தான் பேப்பரில் வருகிறார்.

அந்தப் பக்கம் பஞ்சர் ஒட்டுகிற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வண்டிய தெனம் தொடைக்கிறாங்க சார். குனிஞ்சு டயர மட்டும் பாக்க மாட்டாங்க. நடுவுல பட்டனே இருக்காது, பலகை மாதிரி ஆயிருக்கும். ஓரத்துல பாத்தா புது டயர்ல வர்ற ரப்பர் முடிகூட உதிர்ந்திருக்காது" என்றார்.

மொத்த விஷயமும் இதில் இருக்கிறது. கார் டயர் தட்டை. பைக் டயர் உருண்டை. வளைவில் வண்டி சாய வேண்டும், சாயும்போதும் ரப்பர் ரோட்டைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உருண்டை. நேர் ரோட்டிலேயே ஓட்டினால் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து சதுரமாகிவிடும். காற்றை அளவுக்கு மேல் அடித்தால் இன்னும் சீக்கிரம். அப்புறம் சாய்க்கும்போது வண்டி முதலில் வர மறுக்கும், பிறகு பொசுக்கென்று விழுகிற மாதிரி சாயும். பயத்தில் நம்மாள் முன் பிரேக்கைக் கப்பென்று பிடிப்பார். முடிந்தது கதை.

நான் காமர்ஸ் படித்தவன். இதைச் சம்பளக் கணக்காகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். ரோட்டை டயர் பிடிக்கிற பிடிமானம் ஒரு மாதச் சம்பளம். அதே சம்பளத்தில்தான் திரும்பவும் வேண்டும், பிரேக் பிடிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஓவராகச் செலவழித்தால் கடன் கொடுக்க ஆள் கிடையாது. தேய்ந்த டயர், ஈர ரோட்டில் சம்பள வெட்டு. ரோட்டில் மணல், சம்பளமே இல்லை!

"ரேஸ் வண்டிக்கு மொட்டை டயர்தானே?" என்று ஒரு அறிவாளி கேட்பார். ஆமாம். அது காய்ந்த டிராக்குக்காக மெத்தென்ற ரப்பரில் செய்தது. மழை வந்தால் அவர்களே கோடு போட்ட டயருக்கு மாறிவிடுவார்கள். உங்களுடையது வெயிலில் இறுகிப்போன கிழட்டு மொட்டை. அதில் தண்ணீர் வெளியேற வழியில்லை.

இன்னொரு கோஷ்டி உண்டு. டயரின் ஓரம் வரைக்கும் தேய்த்துக் காட்டினால்தான் வீரனாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் முழங்காலைத் தரையில் உரசப் பார்க்கிறார்கள். தம்பிகளா, அதற்கு இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே மாடும் குறுக்கே வராது, மீன் லாரி ஒழுகவிட்ட தண்ணீரும் கிடையாது.

சரி, அரசாங்கம்? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 94-வது விதி இருக்கிறது. இருசக்கர வண்டி டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விதி ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் பிடுங்குகிறார்கள். சரிதான், பிடுங்கட்டும். புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதுவும் சரி. டயரைக் குனிந்து பார்த்த போலீஸ்காரரை நீங்கள் பார்த்ததுண்டா? சொந்த பைக்குக்கு 15 வருடப் பதிவு. அதுவரை தகுதிச் சோதனை என்று யாரும் கூப்பிடப் போவதில்லை.

லைசென்ஸ் கொடுக்கும் அழகைப் பாருங்கள். எட்டு போட வேண்டும். காலை ஊன்றாமல், ஆமை வேகத்தில். அறுபதில் வருகிறவன் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைப் பிடுங்கக் கூடாது, கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும்... இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எட்டு போட்டவனுக்கு ஈசிஆரைத் திறந்துவிடுவது, தொட்டியில் நீந்தியவனைக் கடலில் தள்ளுகிற வேலை.

"டயர் விலை தெரியுமா சார்?" என்பார்கள். தெரியும். சாதாரண பைக்குக்குப் பின் டயர் சுமார் 2,000 ரூபாய். 20,000 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். கிலோமீட்டருக்குப் பத்து பைசா. அதே கிலோமீட்டருக்கு பெட்ரோல் இரண்டு ரூபாய்! இரண்டு ரூபாயை முணுமுணுக்காமல் கொடுக்கிறவர், உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற பத்து பைசாவில் மிச்சம் பிடிக்கிறார். இதற்குப் பெயர் சிக்கனமா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஹெல்மெட்டைப் பார்க்கிற போலீஸ் டயரையும் பார்க்கட்டும். எட்டோடு வளைவையும் பிரேக்கையும் சோதிக்கட்டும். சுற்றுலா வருகிறவனுக்கு வாடகை வண்டி தருகிறவர், சாவியைக் கொடுக்கும் முன் டயரைக் காட்டட்டும். நீங்களும் காற்றடிக்கும்போது ஒரு நிமிஷம் குனியுங்கள். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு ரப்பர் மேடு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை 'நிலைதடுமாறி' என்று எழுதக் கை போனால், போலீஸிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்.

டயர் எப்படி இருந்தது? ரோடு எப்படி இருந்தது?

செத்தவன் பதில் சொல்ல மாட்டான். ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருக்கிற அவன் வண்டி சொல்லும்.