இரண்டாம் இடத்தார்

பழவேற்காட்டிற் கல்லறைகளாய்க் கிடக்கும் ஒல்லாந்தரை வடசென்னையார் அறிவர். யான் ஈண்டு எழுதப் புகுந்தது பிறிதோர் ஒல்லாந்தரைப் பற்றி. யோப் ஸூட்டெமெல்க் என்னும் அன்னார் இளமையில் தச்சுத்தொழில் செய்தவர். 1968ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் நால்வர் சைக்கிள் குழுவிற் பொற்பதக்கம் பெற்றவர். பிரான்ஸு தேசத்தைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தில் 1970 முதல் 1986 வரை 16 முறை புகுந்து, 16 முறையும் முடிவெல்லை எய்தினார். அவற்றுள் ஆறு முறை இரண்டாம் இடமே வாய்த்தது. பெல்ஜியத்து எடி மெர்க்ஸின் நிழலிலேயே ஓட்டியதால் இவர் மேனி வெயிலிற் கறுத்திலது என்று நகைத்தாரும் உளர்.

1974இல், நிறுத்தியிருந்த மோட்டார் வண்டியில் மோதி இவர் மண்டையோடு உடைந்தது. மூளையுறை நோயும் தொடர்ந்தது. மறு ஆண்டே பாரிஸ்–நீஸ் பந்தயத்தை வென்றார். 1980இல், தமது முப்பத்துமூன்றாம் வயதில், பிரான்ஸுப் பந்தயத்தில் முதல்வரானார். முன்னின்ற பெர்னார்டு இனோ முழங்கால் நோயால் விலகியமையின் அது இரந்து பெற்ற வெற்றி என்பர் சிலர். யான் அதனை ஒப்பேன். மூன்று வாரப் பந்தயத்தில் முழங்காலைக் காத்தலும் ஓட்டத்தின் கூறே யன்றோ? 1985இல், முப்பத்தெட்டு வயதில், உலக வீரர் பட்டமும் இவர்க்கு எய்தியது. எனினும் 1979இல் மருந்துச் சோதனையில் அகப்பட்டுப் பத்து நிமிடத் தண்டனை பெற்றார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அதனை எண்ணுந்தோறும் என் வாதம் சற்றே தளர்கின்றது.

காசிமேட்டு நண்பர் ஒருவர், எண்ணூர் நெடுஞ்சாலையிற் கன்டெய்னர் லாரிகளினூடே விடியற்காலையிற் பழகி, இருமுறை பந்தயத்தில் இரண்டாமவராய் வந்தார். மூன்றாமுறை புகாமல் வண்டியை விற்றுவிட்டார். ஸூட்டெமெல்கின் சரிதத்தைக் கூறி அவரைக் கடிந்துகொண்டேன். "வீட்டு வாடகைக்கு விற்றேன்" என்றார். நாணினேன். ஒல்லாந்தர்க்கு இரண்டாமிடத்திலும் சம்பளம் இருந்தது. 1980இல் அவர் ஓட்டியது டி.ஐ.–ராலே கம்பெனிகளின் குழுவிற்காக. அந்த டி.ஐ. என்னும் ஆங்கிலக் கம்பெனியின் கூட்டுறவால் 1949இல் அம்பத்தூரில் தோன்றிய தொழிற்சாலையே நம் தெருக்களில் ஓடும் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வண்டி இங்கும் உண்டு, காலும் உண்டு. இரயில்வேயும் படைத்துறையும் விளையாட்டு வீரர்க்கு வேலை தருகின்றன. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை நிரையாய் நிற்கும் ஆலைகள், ஆண்டுக்கு ஓர் இளைஞர்க்கேனும், அவர் இரண்டாமவராயினும், அங்ஙனம் செய்தல் ஆகாதா?