நடந்தால் வலி, நின்றால் சரி... காலில் ரத்தக்குழாய் அடைப்பா? கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்னென்ன?

"பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட நடக்க முடியல, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. கொஞ்ச நேரம் நின்னா சரியாயிடுது." இப்படிச் சொல்லும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். ஆனால், காலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதற்கான முக்கிய அறிகுறியே இதுதான்.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

பேச்சு வழக்கில் ரத்தக்குழாயையும் நாம் 'நரம்பு' என்றே சொல்கிறோம். வெரிகோஸ் வெயினுக்குக்கூட 'நரம்பு சுருட்டல்' என்றுதான் பெயர். அதனால் ரத்தக்குழாய் கோளாறையும் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து, சத்து மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் சர்க்கரை நோய். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு மதிப்பிட்டது. நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். ரத்த ஓட்டம் குறைந்தாலும் வலி தெரியாது. செருப்புக் கடித்த சின்னப் புண்கூட ஆறாமல், கடைசியில் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

மெதுவாக வரும் அறிகுறிகள்

* நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் குறைவது
* ஒரு பாதம் மட்டும் சில்லென்று இருப்பது
* வாரக்கணக்கில் ஆறாத புண், விரல் நிறம் மாறுவது
* இரவில் படுத்தால் பாதம் வலித்து, காலைத் தொங்கப்போட்டால் குறைவது

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?

திடீரென ஒரு கால் கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் அது அவசர நிலை. ரத்தம் முழுவதுமாகத் தடைபட்டால், சுமார் 6 மணி நேரத்துக்குள் தசைகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படத் தொடங்கலாம். "காலையில பார்த்துக்கலாம்" என்று தூங்கப் போனால் காலைக் காப்பாற்றுவதே கஷ்டம். வெந்நீர் ஒத்தடம், மசாஜ் இரண்டும் கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமான பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதோடு மூச்சுத்திணறலும் நெஞ்சு வலியும் சேர்ந்தால், அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. அப்போதும் 108-தான்.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைப்பது முக்கியம்.

என்ன பரிசோதனை?

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கலாம். அடுத்து டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால், புகையை விடுவது, மாத்திரை, முறையான நடைப்பயிற்சி ஆகியவற்றாலேயே பலருக்குக் கட்டுப்படுத்த முடியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்ப்பது நல்லது. குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லலாம். அடுத்த முறை சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போகும்போது, "டாக்டர், காலையும் ஒரு தடவை பாருங்க" என்று கேட்டுவிடுங்கள்.