கொட்டாங்குச்சியில் வளர்ந்த பெத்லகேம்



மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையிலேயே பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை தொடங்குவதும் அந்தச் சத்தத்தில்தான். ராத்திரி ஊறப்போட்ட கேழ்வரகோடு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பித் தூவிவிடுவோம். தண்ணீர் தெளிப்பது யார் என்று தினமும் ஒரு சண்டை. டிசம்பர் 24-ஆம் தேதி சாயங்காலம் கிறிஸ்து பிறப்புக் குடிலைச் சுற்றி அந்தக் கேழ்வரகு விரல் உயரத்துக்குப் பச்சை வயலாக நிற்கும்.

மற்ற சாமான்களும் ஊரிலேயே கிடைத்தவைதான். கூரைக்கு வைக்கோல், சுவருக்கு மக்காச்சோளத் தட்டை, மலைக்கு ஓடையில் பொறுக்கிய கற்கள். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம் கிடைத்த நத்தை போல் சுருண்ட கல் ஒன்றும் எங்கள் குடிலில் பல வருஷம் இருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமி கடலாக இருந்ததற்கு அதுவே சாட்சி என்று பின்னாளில்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டிருப்போம்.

குடிலில் மாடு, கழுதை, இடையர் எல்லோரும் முதலிலேயே வந்துவிடுவார்கள்; தொட்டில் மட்டும் காலி. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், தூக்கக் கண்ணோடு வீட்டின் கடைக்குட்டிதான் குழந்தை இயேசுவைப் படுக்க வைக்க வேண்டும். ‘மெதுவாடா’ என்று பாட்டி சொல்லுவார், நிஜக் குழந்தையைக் கொடுத்ததுபோல.

இதேபோலத்தான் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் நிஜ வைக்கோல், நிஜ மாடு, கழுதையோடு கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். அதே இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். 3,615 பாடல்கள் கொண்ட தம் தேம்பாவணியில் யூதேயாவைத் தமிழ் மண்ணின் வயலும் வளமுமாகப் பாடினார். அவர் காப்பியத்தில் செய்ததைத்தான் அம்மா கொட்டாங்குச்சியில் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது.

விடிந்ததும் அதிரசமும் முறுக்கும் தூக்குவாளிகளில் தெருவெல்லாம் போகும். வாளியைக் காலியாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். சிலர் வாளியை வைத்துக்கொண்டு, பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு அனுப்புவார்கள்.

இப்போது பெரம்பலூர் கடைத்தெருவில் குடில் முழு செட்டாகவே கிடைக்கிறது. வாங்குவதில் தவறில்லை, வேலைக்குப் போகும் வீடுகளில் நேரம் ஏது? ஆனால் ஏதாவது ஒன்றையாவது பிள்ளைகள் கையால் செய்யட்டும். அந்தச் சண்டையும் மண் ஒட்டிய விரலும்தான் பிறகு நினைவில் நிற்கும்.

உங்கள் வீட்டு வழக்கங்களை எங்களுக்கு எழுதுங்கள். அதற்கு முன், மார்கழி பிறக்கும்போதே ஒரு கைப்பிடி கேழ்வரகை ஊறப்போட்டுவிடுங்கள். 24-ஆம் தேதிக்குச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்