தையல் மிஷின் கொடுத்தாச்சு... தைத்ததை வாங்குவது யார்? முகாம் பெண்களின் தீராத சிக்கல்!

இலங்கைத் தமிழர் முகாமில் பெண்களுக்கு தையல் மிஷின் வழங்கும் விழா என்றால் மேடை, மாலை, போட்டோ என்று தடபுடலாக இருக்கும். ஆறு மாசம் கழிச்சு அந்த மிஷின் ஓடுதா, மூலையில் கிடக்குதா என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

முகாமுக்குள்ளேயே உட்கார்ந்து எத்தனை ஜாக்கெட் தைக்க முடியும்? பக்கத்து வீட்டு அக்காவிடமும் அதே மிஷின்தான் இருக்கு!

1983 கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழக முகாம்களில் வசிக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது தமிழக அரசு. மாத உதவித்தொகையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு தலா ரூ.1,000, சிறு பிள்ளைகளுக்கு ரூ.500. புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் ரூ.3,500. நாள் கணக்கில் 117 ரூபாய்! ரேஷன் அரிசி தனியாக கிடைச்சாலும் பால், பஸ், ஸ்கூல் நோட்டு எல்லாம் இதற்குள்தான்.

ஆம்பளைகள் பலர் பெயின்ட் அடிக்கப் போய் விடுகிறார்கள். பெண்களுக்கு அந்த வழியும் குறுகல். பிள்ளையை விட்டு விட்டு வெளியூர் வேலைக்குப் போக முடியாது. போனாலும் முகாம் கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்க வேண்டும். ஆக, வீட்டில் இருந்தே செய்கிற கைத்தொழில்தான் ஒரே நம்பிக்கை.

அதே கைத்தொழில் டெல்லியில் எப்படி ஓடுது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

ஆப்கானிஸ்தானில் இருந்து தப்பி வந்த பெண்கள் டெல்லியில் துணி பொம்மை செய்கிறார்கள். "சிலாய்வாலி" என்ற அமைப்பு இவர்களுக்கு வேலை கொடுக்குது. சிலாய்வாலி என்றால் இந்தியில் தையல்காரி. ரெடிமேட் கம்பெனிகள் வெட்டி எறியும் துண்டுத் துணிதான் மூலப்பொருள். கந்தல் துணி கண், மூக்கு, பின்னல் சடையோடு பொம்மையாகி வெளிநாட்டுக்குப் போய் விற்குது!

இதில் சூட்சுமம் தையலில் இல்லை. ஆப்கன் பெண்களுக்கு பூத்தையல் ஊரிலேயே தெரியும். நம்ம முகாம் பெண்களும் தையலில் சளைத்தவர்கள் இல்லை. பொம்மை எப்படி இருந்தால் வாங்குவான் என்று யோசித்து வடிவம் கொடுக்க டெல்லியில் ஆள் இருக்கு. ஆர்டர் பிடிக்கவும் ஆள் இருக்கு. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2018-ல் தொடங்கிய "மேட்-51" திட்டம் உலகச் சந்தைக்கு கதவு திறந்து விட்டது. பல நாடுகளில் அகதிகள் செய்யும் கைவினைப் பொருளை விற்றுத் தருவதுதான் அதன் வேலை. முதலில் வாங்குகிறவனைத் தேடு, அப்புறம் தைக்கச் சொல் என்ற கணக்கு. இங்கே முதலில் மிஷின், அப்புறம் பார்த்துக்கலாம்!

கந்தல் துணிக்கு நமக்கு என்ன பஞ்சம்? திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்குது.

இன்னொரு முட்டுக்கட்டை, காகிதம். முகாம் அடையாள அட்டையை வைத்து தனியாக தொழில் கடன் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் பெயர் இல்லை. அந்தச் சட்டம் ஆப்கானிஸ்தானைச் சேர்க்குது. ஆனால் முஸ்லிம்களைச் சேர்க்கவில்லை. பொம்மை தைக்கும் ஹசாரா இனப் பெண்கள் முஸ்லிம்கள். ஆக, அவர்களும் வெளியேதான், இவர்களும் வெளியேதான்!

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது சட்டம். அதைக் காட்டித்தான் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் ஐகோர்ட் மதுரை கிளைக்குப் போய் 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஜெயில் பயம் போச்சு, குடியுரிமை வரவில்லை.

குடியுரிமை டெல்லி கையில். கடை அப்படி இல்லை. கைவினைப் பொருள் விற்க பூம்புகார் கடைகள் இருக்கு. மகளிர் குழுக்களின் சரக்குக்கு மதி அங்காடி இருக்கு. முகாம் பெண்கள் செய்வதற்கு அங்கே நிரந்தரமாக ஒரு அலமாரி ஒதுக்க யாரும் பாஸ்போர்ட் கேட்கப் போவதில்லை. புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் சுளகும் பனை ஓலையில் பின்னிப் பழகிய பாட்டிகள் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களின் பேத்திகளுக்குத் தையல் தெரியும். அடுத்த மிஷின் வழங்கும் விழாவுக்கு மேடை போடும் முன்னால், அதிகாரிகள் ஒரு ஆர்டர் நோட்டோடு போய்ப் பார்க்கலாமே!