100% சார்ஜ் காட்டுது... ஆனா அரை நாள்கூட தாங்கல! போனை மாத்தணுமா, பேட்டரியை மாத்தணுமா?

காலையில் சார்ஜரிலிருந்து எடுக்கும்போது 100 சதவிகிதம். தா.பழூரில் பஸ் ஏறி ஜெயங்கொண்டத்தில் இறங்குவதற்குள் 70. 'இன்னும் 28 சதவிகிதம் இருக்கே' என்ற தைரியத்தில் மதியம் வங்கியில் ஓ.டி.பி-க்குக் காத்திருந்தால், திரை ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு போன் அப்படியே அணைந்துபோகிறது. மூன்று வருடப் பழைய போன் வைத்திருக்கும் யாருக்கும் இது புதுக்கதை இல்லை.

'போன் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க' என்பதுதான் அடுத்து காதில் விழும் யோசனை. சுமாரான ஸ்மார்ட்போனே 12,000, 15,000 ரூபாய் என்று விற்கும் காலம். நெல் போட்ட பணம் கைக்கு வரும் வரை வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அதே நேரம் போன் இல்லாமலும் முடியாது. பிள்ளையின் வீட்டுப்பாடம் வரும் வாட்ஸ்அப் குரூப், கொள்முதல் நிலையத்துக்கான பதிவு, வங்கிக் குறுஞ்செய்தி, சிங்கப்பூரிலிருந்து வரும் மகனின் வீடியோ கால் என எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன.

ஆனால், பணத்தை எடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழசானது போனா, அதற்குள் இருக்கும் பேட்டரியா?

நிரம்பிய ஏரி, தூர்ந்துபோன ஏரி

திரையின் மூலையில் தெரியும் சதவிகிதம் சார்ஜின் அளவைத்தான் சொல்கிறது. பேட்டரியின் ஆரோக்கியம் வேறு கணக்கு. தா.பழூர் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்து, ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இருக்கிறது, இன்றைய பொன்னேரி. வண்டல் படிந்து தூர்ந்துவிட்ட ஏரியில் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கலாம். பார்ப்பதற்கு 'ஃபுல்'தான். ஆனால், அந்தத் தண்ணீர் முன்பு பாய்ந்த அத்தனை வயலுக்கும் பாயாது.

பேட்டரியும் அப்படித்தான். வாங்கியபோது 5,000 எம்.ஏ.ஹெச் பிடித்த பேட்டரி, மூன்று வருடம் கழித்து 3,900 மட்டுமே பிடிக்கலாம். அந்த 3,900 நிரம்பினாலும் போன் 100 என்றுதான் காட்டும். 'ஃபுல் சார்ஜ் போட்டேன், நிக்கல' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

தேய்மானத்தை 'சார்ஜ் சைக்கிள்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். சார்ஜரைச் செருகும் ஒவ்வொரு முறையும் ஒரு சைக்கிள் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. இன்று 60 சதவிகிதம் செலவழித்து ஏற்றினீர்கள், நாளை 40 சதவிகிதம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சைக்கிள். ஐபோன் 14 மற்றும் அதற்கு முந்தைய மாடல்கள் 500 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவிகிதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் அந்த எண்ணிக்கை 1,000. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவிகிதம் பிடிக்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. ஆக, 80 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் பேட்டரி தன் வயதை எட்டிவிட்டது என்று பொருள்.

உங்கள் போனில் எங்கே பார்ப்பது?

ஐபோன் என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸில் 'பேட்டரி', அதற்குள் 'பேட்டரி ஹெல்த்'. 'மேக்ஸிமம் கெப்பாசிட்டி' என்ற இடத்தில் சதவிகிதம் இருக்கும். ஐபோன் 15 முதலான மாடல்களில் சைக்கிள் எண்ணிக்கை, பேட்டரி தயாரான மாதம், முதலில் பயன்படுத்திய மாதம் ஆகியவையும் தெரியும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆண்ட்ராய்டில்தான் ஆளுக்கு ஒரு வழி. சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலியைத் திறந்து, 'சப்போர்ட்' பகுதியில் 'போன் டயக்னாஸ்டிக்ஸ்', அதில் 'பேட்டரி ஸ்டேட்டஸ்' என்று போக வேண்டும். பல மாடல்களில் எண் எதுவும் இருக்காது. நன்றாக இருக்கிறதா, பலவீனமாகிவிட்டதா என்று ஒரு வார்த்தையில் பதில் வரும். ஒன்பிளஸ், ஒப்போ, ரியல்மீ, ஷாவ்மி போன்களின் புதிய மென்பொருளில் செட்டிங்ஸ், பேட்டரி, 'பேட்டரி ஹெல்த்' என்ற வரிசையிலேயே கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'பேட்டரி ஹெல்த்' என்று தேடிப் பாருங்கள். *#*#4636#*#* என்று டயல் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. சில போன்களில் அது திறக்கும், பலவற்றில் திறக்காது. திறந்தாலும் பேட்டரி 'குட்' என்று அது சொல்வதை நம்பிவிட வேண்டாம். சூடு, மின்னழுத்தம் சரியாக இருந்தாலே அப்படித்தான் காட்டும்.

போனில் வசதியே இல்லையா? 'அக்யூபேட்டரி' போன்ற செயலிகள் உதவும். அவை செய்வது எளிய கணக்குதான். சார்ஜ் 30-லிருந்து 80-க்கு ஏறும்போது எவ்வளவு மின்சாரம் உள்ளே போனது என்று அளக்கும். 50 சதவிகிதத்துக்கு 2,000 எம்.ஏ.ஹெச் என்றால், 100-க்கு 4,000. வாங்கியபோது 5,000 என்றால், இப்போது ஆரோக்கியம் 80 சதவிகிதம். ஒருமுறை அளந்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு வாரமாவது செயலியை வைத்திருந்து, சராசரி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதிவேக சார்ஜ் வசதியுள்ள சில போன்களில் பேட்டரி இரண்டு துண்டுகளாக இருக்கும். அதில் பாதியை மட்டும் கணக்கிட்டு, '48 சதவிகிதம்' என்று செயலி பயமுறுத்தலாம். செட்டிங்கில் இரட்டை பேட்டரி என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

ஒரே தொடுதலில் பேட்டரியைச் சரிசெய்கிறோம், சார்ஜை இரண்டு மடங்காக்குகிறோம் என்று வரும் செயலிகள் சுத்த ஏமாற்று. தேய்ந்த பேட்டரியை எந்தச் செயலியாலும் பழையபடி ஆக்க முடியாது. விளம்பரங்களைக் காட்டி, இருக்கும் சார்ஜையும் அவை தின்பதுதான் மிச்சம்.

போன் மந்தமாவதற்கும் பேட்டரிக்கும் என்ன தொடர்பு?

28 சதவிகிதத்தில் போன் அணைந்துபோனதே, அதற்கு வருவோம். பேட்டரி தேயும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, அதன் உள்தடையும் கூடுகிறது. கேமரா, வீடியோ கால் என்று போன் திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது, மின்னழுத்தம் சடாரென்று விழும். சார்ஜ் மிச்சம் இருந்தாலும் கேட்ட வேகத்தில் தர முடியாததால், போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது.

உலகையே ஒரு கலக்குக் கலக்கிய விவகாரம் இது. ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்கள் இப்படித் திடீர் திடீரென அணைய, 2017 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ் 10.2.1 அப்டேட் மூலம், பேட்டரி பலவீனமான போன்களின் வேகத்தை ஆப்பிள் குறைத்தது. வேகம் குறைகிறது என்பதைப் பயனர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றினால் போன் மறுபடி வேகமாகிறது என்பதை அந்த ஆண்டு டிசம்பரில் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். வேகத்தை அளக்கும் 'கீக்பெஞ்ச்' நிறுவனத்தின் ஜான் பூல் ஆயிரக்கணக்கான சோதனை முடிவுகளை வைத்து அதை வரைபடமாகவே போட்டுக் காட்ட, ஆப்பிள் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பின்னர் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ அபராதம், அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்ட சமரசம் என்று விவகாரம் நீண்டது.

இன்று ஐபோனில் நாம் சாதாரணமாகத் தட்டிப் பார்க்கும் 'பேட்டரி ஹெல்த்' பக்கம் வந்ததே இந்தச் சண்டையால்தான். 2018 மார்ச்சில் ஐ.ஓ.எஸ் 11.3-ல் அது சேர்ந்தது. அதற்கு முன்பு எத்தனை பேர் 'போன் ஸ்லோ ஆயிடுச்சு' என்று புதிய போன் வாங்கியிருப்பார்கள்!

எல்லாவற்றுக்கும் பேட்டரி மேல் பழி போட வேண்டாம்

சார்ஜ் வேகமாக இறங்குகிறது என்றாலே பேட்டரி தேய்ந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று தடுமாறும் இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைக் காலி செய்யும். கொள்ளிடக்கரை ஊர்களில் வீட்டுக்குள் ஒரு மாதிரி, வாசலில் ஒரு மாதிரி சிக்னல் இருந்தால் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரவு படுக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, காலையில் பாருங்கள். இரண்டு மூன்று சதவிகிதம்தான் குறைந்திருக்கிறது என்றால், பகலில் சார்ஜைக் குடிப்பது சிக்னலோ ஏதோ ஒரு செயலியோதான். செட்டிங்ஸில் 'பேட்டரி யூசேஜ்' பக்கம் திருடனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏரோப்ளேன் மோடிலும் 20, 25 என்று இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

பேட்டரிக்கு நம் ஊரில் முதல் எதிரி வெயில். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் அரியலூர் பக்கம் 35 என்பது காலை பத்து, பதினொரு மணிக் கணக்கு! டிராக்டர் பானெட் மேல், பைக் டேங்க் கவரில், மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே போனை வைப்பது, அதிவேக சார்ஜரை விடக் கெடுதல். சார்ஜ் போட்டபடியே கேம் ஆடுவதும், தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றுவதும் அதே சூட்டைத்தான் கொடுக்கும்.

'முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்' என்று பெரியவர்கள் சொல்வது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரிக்கு அது பொருந்தாது. சொல்லப்போனால், பூஜ்யம் வரை இறக்குவது அதற்கு ஆகாது. 80 சதவிகிதத்தோடு நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் உண்டு. நாள் முழுக்க வீட்டிலோ ஆபீஸிலோ இருப்பவர்கள் அதைப் போட்டுவைக்கலாம். விடிகாலையில் வயலுக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறவர் 100 ஏற்றிக்கொண்டு போவதே சரி. போன் நமக்காகத்தான், பேட்டரிக்காக நாம் பட்டினி கிடக்க முடியாது.

மாற்றுவது என்று முடிவானால்...

ஆரோக்கியம் 80-க்குக் கீழே, ஆனால் திரை, கேமரா, மென்பொருள் அப்டேட் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், பேட்டரியை மட்டும் மாற்றுவதே லாபம். அந்த மாடலுக்கு அப்டேட் நின்றுபோய், வங்கிச் செயலிகளும் வேலை செய்ய மறுக்கின்றன என்றால் அதில் பணம் போடுவது வீண்.

கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ சர்வீஸ் சென்டர் தேடிப் போவதற்கு முன்பு போன் செய்து, உங்கள் மாடலுக்கு பேட்டரி இருப்பில் இருக்கிறதா, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும். மத்திய அரசின் 'ரைட் டு ரிப்பேர் இந்தியா' இணையதளத்தில், பதிவு செய்துள்ள நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர், உதிரி பாகம் பற்றிய தகவல்கள் கிடைக்கின்றன.

வெளிக்கடையில் மாற்றினால் பேட்டரியின் லேபிளைப் படியுங்கள். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும். பழைய பேட்டரி 4,000, அதே அளவுள்ள புதியது 6,000 என்று அச்சடித்திருந்தால் வாங்கவே வேண்டாம். போனைத் திறந்துவிட்டால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒட்டு விட்டுப்போகும். மறுபடி ஒட்டித் தருவார்களா என்று கேளுங்கள். நாற்றங்காலில் நிற்பவர் பைக்குள் இருக்கும் போனுக்கு அது முக்கியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சோதனைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. போனின் பின்பக்கம் மேடாகத் தெரிகிறது, திரை ஓரத்தில் இடைவெளி விடுகிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அழுத்துவது, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது எல்லாம் தீப்பிடிப்பதில் போய் முடியும். 2016-ல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்று, அந்த மாடலையே நிறுத்தியதற்குக் காரணம் பேட்டரியில் இருந்த குறைதான். கழற்றிய பேட்டரியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ வீச வேண்டாம். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கே கொடுத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வரலாம்.

மாற்றியதற்கான பில்லை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். புதிய பேட்டரி மூன்று மாதத்தில் மறுபடி மக்கர் செய்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போது கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.