கடல் வற்றாது, சரி; குழாய்?

"கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்க, அம்பத்தூர், ஆவடி ஏரிகளுக்குச் செலவழிப்பது வீண், மழை பொய்த்தாலும் கடல் வற்றாது" என்கிறார்கள்.

2019-ஐ அதற்குள் மறந்துவிட்டார்களா? மீஞ்சூர் ஆலை 2010-லும் நெம்மேலி ஆலை 2013-லும் வந்துவிட்டன. தலா நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். அப்படியிருந்தும் அந்தக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதும் சென்னை நகரம் தவித்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. எந்த வழியாக? ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் வழியாக! கழிவுநீர் கலந்து குடிக்க உதவாமல் போன கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்திலேயே அந்த வேகன்கள் உருண்டன.

வறட்சிக்கு ஆலை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும் அந்தத் தண்ணீர், கடற்கரையிலிருந்து பூந்தமல்லிவரை ஏறி வரவேண்டும். தவிர, ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டினால் ஆலை என்ன செய்யும்? அதைத் தாங்க ஏரிகள்தான் வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டோமே!

ஆலைக்குக் கோடிகளை ஒதுக்குகிறவர்கள், ஏரிகளுக்குப் போகும் மழைநீர் வடிகால்களில் செருகியிருக்கும் கழிவுநீர்க் குழாய்களையாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன் அடைக்கட்டும்.