கைப்பேசியில் கடை விரிப்போர்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கண்கலங்கி நம்மை நாடி வந்தார். "தோத்திரம் சாமி. பையன் செஞ்ச வேலையால, முகம் தெரியாதவங்க எல்லாம் எங்களைத் திருடங்கன்னு எழுதறாங்க" என்றார்.

அவர் பல ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே காலணிகளின் மேற்பகுதியைக் கையால் தைத்து வருபவர். ஆம்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இத்தொழில் செய்யும் பெண்கள் பலர் என்பதை வாசகர் அறிவர். இடைத்தரகர் கொண்டுவந்து தரும் தோலைத் தைத்துக் கொடுத்தால் ஜோடிக் கணக்கில் சொற்பக் கூலி. அக்காலணி கடல் கடந்து என்ன விலைக்குப் போகிறது என்பது தைத்தவருக்குத் தெரியாது. தைத்தவர் யாரென்பது அணிபவருக்கும் தெரியாது. இந்நிலையில், கல்லூரிப் படிப்பை முடித்த மகன், "அம்மா, நாமே செருப்புத் தைத்து நாமே விற்போம்" என்று தொடங்கினான். நல்ல எண்ணமே. ஆனால் தாய் தைத்த செருப்பைப் படம் பிடிக்காமல், வெளிநாட்டு நிறுவனமொன்றின் படத்தை எடுத்து இன்ஸ்டாகிராமில் இட்டுவிட்டான். கோயம்புத்தூர் அன்பர் ஒருவர் முன்பணம் செலுத்தி வாங்கினார். படத்தில் கண்டது ஒன்று, பெட்டியில் வந்தது வேறொன்று. அவர் எழுதிய கடுஞ்சொற்களை ஊரே படித்தது.

கைப்பேசியை நாமும் மறையுரையில் பலமுறை ஏசியிருக்கிறோம். ஆயினும் நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். முன்னாளில் சிறு வியாபாரி ஒருவர் நாளிதழில் விளம்பரம் செய்ய எண்ணினால், மாத வருமானம் அதற்கே போதாது. இன்றோ, 2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களின் படம், விலை, கடை நேரம் ஆகியவற்றைச் செலவின்றி அடுக்கி வைக்கலாம். ஒரே செய்தியை ஒரு பட்டியலிலுள்ள 256 பேர் வரை அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேரும். அழையாத வீட்டிற்குள் நுழைய வழியில்லை என்பது நமக்குப் பிடித்திருக்கிறது.

"வேறு எதைக் காட்டுவது ஃபாதர்? எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று அம்மகன் கேட்டான். தோல் மணத்திலேயே வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது! ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோலுக்கும் குரோம் தோலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னையில் வாழ்பவர் எப்படி அறிவார்? பட்டையில் பதனிட்ட தோல் வெயிலும் கையும் பட்டு நாளடைவில் நிறம் கறுக்கும். முன்னரே சொல்லிவிட்டால் அது அழகு, சொல்லாவிட்டால் குறை. வெட்டிய விளிம்பைக் காட்டினால் தோலில் நார் தெரியும், ரெக்சினில் அடியிலுள்ள துணி தெரியும். ரெக்சின் செருப்பு விற்பது பாவமன்று. அதைத் தோல் என்று விற்பதுதான் வஞ்சனை. அளவிலும் கவனம் தேவை. இங்கிலாந்து அளவில் 8 என்பது ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 42. காகிதத்தின் மேல் காலை ஊன்றிக் கோடு வரைந்து, நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பச் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

சட்டமும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விற்பவரே வாங்கியவர்போல் வேடமிட்டுப் பாராட்டு எழுதுவதை 2020-இல் வந்த மின்வணிக விதிகள் தடுக்கின்றன. அத்தை மகனையும் மாமன் மகளையும் கொண்டு "அருமை, அருமை" என்று எழுத வைப்போர் நம் பங்கிலும் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னோம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அதில் மட்டுமே கடை விரித்திருந்தோர், வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கவும் வழியின்றி நின்றனர். ஆகவே வாங்குபவரின் பெயரையும் எண்ணையும் அவர் இசைவுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது நலம். 40 பக்க நோட்டு போதும்.

கோவை அன்பரின் பணம் அன்று மாலையே திருப்பி அனுப்பப்பட்டது. அவர் எழுதியதை அழித்துவிடலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம் தம்பி, அதன் கீழேயே நடந்ததை எழுதி மன்னிப்புக் கேள் என்றோம். நெடுநேரம் தயங்கினான், பிறகு எழுதினான். மறுமொழி இன்னும் வரவில்லை.

இப்போது அப்பக்கத்தில் அத்தாயின் இரு கைகள் மட்டும் தெரிகின்றன. ஊசி தோலுக்குள் இறங்கி ஏறுகிறது. முகம் காட்ட அவருக்கு வெட்கமாம். இம்மாதம் நான்கு ஜோடிகள் விலை போயின. ஒன்று அளவு பொருந்தாமல் திரும்பி வந்தது; அதை மாற்றித் தைத்துக்கொண்டிருக்கிறார்.